தடித்த எழுத்தும் நார்மல் ரேஞ்சும்: ரத்தப் பரிசோதனை முடிவை எவ்வளவு நம்பலாம்?

காலையில் ரத்தம் கொடுத்தால் மாலைக்குள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிடுகிறது. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் அதைப் படித்து முடித்துவிடுகிறார்கள். படிக்கும் முறை எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: தடித்த எழுத்தில் இருப்பது கெட்டது, சாதாரண எழுத்தில் இருப்பது நல்லது. தடித்த எழுத்து எதுவும் இல்லையென்றால் ‘எல்லாம் நார்மல்’. ஒன்றிரண்டு இருந்துவிட்டால் இரவெல்லாம் கூகுள். அப்படியும் சந்தேகம் தீராதபோது எழும் கேள்வி, ‘அது நல்ல லேபா?’ என்பது மட்டுமே.

அதுவும் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இன்றைய தானியங்கி மெஷின்களில் அளக்கும் கட்டத்தில் நேரும் பிழை குறைவு. ரத்தம் மெஷினுக்குள் போவதற்கு முன்பு நடப்பவற்றால்தான் பிழைகளின் பெரும்பகுதி நேர்கிறது. அளவு துல்லியமாக இருந்தும் அர்த்தம் தப்பாகிப்போவது ரிப்போர்ட் வெளியே வந்த பிறகு. இந்த இரண்டையும் லேபின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

முதலில் அந்தத் தடித்த எழுத்து எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். நோய் எதுவும் இல்லை என்று கருதப்படும் ஆட்களிடம், குறைந்தது 120 பேரிடமாவது, ரத்தம் எடுத்து அளக்கிறார்கள். அளவுகளை வரிசைப்படுத்தி, கீழ்முனையில் 2.5 சதவீதத்தையும் மேல்முனையில் 2.5 சதவீதத்தையும் வெட்டிவிட்டால், நடுவில் மிஞ்சும் 95 சதவீதத்தின் இரு எல்லைகள்தான் ‘நார்மல் ரேஞ்ச்’. ஆக, நோயே இல்லாத 100 பேரில் 5 பேருக்குத் தடித்த எழுத்து விழும் என்பது அந்த எல்லையை வகுத்த முறையிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு பரிசோதனைக்கு இது சின்ன விஷயம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே ஆளுக்குச் செய்தால், அவர் முழு ஆரோக்கியமாக இருந்தாலும், ஒன்றாவது ரேஞ்சைத் தாண்ட 64 சதவீத வாய்ப்பு உண்டு. உண்மையில் பல பரிசோதனைகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் இது சற்றுக் குறையும். ஆனால் ‘ஆஃபர் விலையில் 80 டெஸ்ட்’ என்று விற்கும் மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜில், ஒன்றுகூடத் தடிக்காமல் வரும் ரிப்போர்ட்தான் ஆச்சரியம்.

சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் எல்லை வகுத்த விதம் வேறு. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் என்ற கோடு, ஆரோக்கியமானவர்களின் சராசரியிலிருந்து வந்ததல்ல. அதற்கு மேல் போனால் கண் விழித்திரை பாதிப்பு கூடுகிறது என்று பார்த்து வல்லுநர்கள் இட்ட கோடு. எனவே பொட்டாசியம் ரேஞ்சைச் சற்றுத் தாண்டுவதும் சர்க்கரை கோட்டைத் தாண்டுவதும் ஒரே வகைச் செய்தி அல்ல. ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் ஒரே தடித்த எழுத்துதான்.

ரேஞ்சுக்குள் இருந்தாலே நல்லது என்பதும் பாதி உண்மைதான். இதற்கு, சிறுநீரகம் எப்படி வேலைசெய்கிறது என்று பார்க்க அளக்கும் கிரியாட்டினினைவிடப் பளிச்சென்ற உதாரணம் கிடைக்காது. 25 வயது ஆணுக்கு 1.2, 70 வயதுப் பெண்ணுக்கும் 1.2. இரண்டுமே பல ரிப்போர்ட்டுகளில் சாதாரண எழுத்தில்தான் வரும். ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த பாட்டிக்கு அது குறைவாக ஊற வேண்டும். வயதையும் பாலினத்தையும் சேர்த்து, இப்போது வழக்கத்தில் உள்ள 2021 சூத்திரத்தில் போட்டால், அந்த இளைஞரின் சிறுநீரக வடிகட்டும் திறன் சுமார் 86. பாட்டிக்கு சுமார் 49. இந்த அளவு 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். வலிக்கு வாங்கி விழுங்கும் மாத்திரையை அவர் யோசித்துத்தான் போட வேண்டும். ரிப்போர்ட்டில் அந்தத் திறனைக் காட்டும் ‘ஈ.ஜி.எஃப்.ஆர்.’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். அந்த இளைஞர் ஜிம்முக்குப் போய் கிரியாட்டின் பவுடர் குடிப்பவரானால், சிறுநீரகம் நன்றாக இருந்தும் அளவு கூடும். முந்தைய இரவு மட்டன் பிரியாணி சாப்பிட்டு மறுநாள் காலை ரத்தம் கொடுத்தாலும் கூடக்கூடும். வெந்த இறைச்சியிலேயே கிரியாட்டினின் இருக்கிறது; பரிசோதனைக்கு முந்தைய 12 மணி நேரம் அசைவம் வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

‘போன தடவை 190, இப்போது 205, கொலஸ்ட்ரால் ஏறிவிட்டது’ என்று எண்ணெயை நிறுத்துகிறவர்கள் ஏராளம். ஒரே ஆளின் கொலஸ்ட்ரால் வாரத்துக்கு வாரம் தானாகவே 5–6 சதவீதம் அசையும். மெஷினின் அசைவு 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு வரும் விடை இது: இரண்டு ரிப்போர்ட்டுகளுக்கு இடையில் 16 முதல் 19 சதவீதம் வித்தியாசம் இருந்தால்தான் உடம்பில் உண்மையாகவே ஏதோ மாறியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். 190-க்கும் 205-க்கும் இடையில் இருப்பது 8 சதவீதம். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். இன்னும் அதிகம் ஆடும். இரவில் உச்சத்துக்குப் போய், பகலில் இறங்கும். காலை 7 மணிக்கு ஒரு தடவையும் மதியம் 2 மணிக்கு மறு தடவையும் கொடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

ஊசிக்கும் மெஷினுக்கும் நடுவே

ரத்தம் எடுப்பவரின் தட்டில் பல நிற மூடி போட்ட சிறு டியூப்கள் இருக்கும். நிறம் அழகுக்கு அல்ல. வெளிர்நீலத்தில் சிட்ரேட் இருக்கும். ரத்தம் உறையும் நேரம் பார்க்க அது. சிவப்பு அல்லது மஞ்சளில் ரத்தத்தை உறையவிட்டுச் சீரம் பிரிப்பார்கள். ஊதாவில் ஈ.டி.டி.ஏ. என்னும் ரசாயனம், ரத்த அணுக்களை எண்ணவும், மூன்று மாதச் சர்க்கரைக்கும் அதுதான். சாம்பலில் ஃபுளோரைடு, அது சர்க்கரைக்கு. எந்த வரிசையில் நிரப்ப வேண்டும் என்பதற்கும் விதி உண்டு: வெளிர்நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பிறகு ஊதா, கடைசியில் சாம்பல்.

வரிசை மாறினால் ஒரு டியூபின் ரசாயனம் அடுத்ததில் கலக்கும். கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு காட்சி. நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை. ஊதா டியூபில் கொஞ்சம் அதிகமாக விழுந்துவிட்டது. சிவப்பு டியூபில் போதவில்லை. ஊதாவிலிருந்து கொஞ்சம் சிவப்பில் ஊற்றிச் சரிக்கட்டுகிறார்கள். ஊதாவில் இருப்பது ஈ.டி.டி.ஏ.வின் பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ரிப்போர்ட் வரும்போது பொட்டாசியம் 7-க்கு மேல், கால்சியம் படுபாதாளத்தில். அது உண்மையாக இருந்தால் அந்த ஆள் ஐ.சி.யூ.வில் இருக்க வேண்டும். அவரோ வரவேற்பறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கி, ஆள் தெம்பாக இருந்தால், அனுபவமுள்ள லேப்காரர் முதலில் சந்தேகப்படுவது டியூபைத்தான்.

பொட்டாசியம் பொய் சொல்ல வேறு வழிகளும் உண்டு. கையில் கட்டும் ரப்பர் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகியிருப்பது ஒரு வழி. ‘கையை மூடி மூடித் திறங்க’ என்று சொல்வது இன்னொன்று. மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலும் சிவப்பணு உடைந்து, உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டும். வீட்டுக்கு வந்து எடுத்துப் போகும் ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறோம். சீரம் பிரிக்காத ரத்தத்தைக் குளிரில் வைத்தால், அணுக்கள் பொட்டாசியத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும் வேலையை நிறுத்திவிடும். அது கசிந்து அளவு ஏறும். ரிப்போர்ட்டின் அடியில் ‘சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியிருக்கிறது’, அதாவது சிவப்பணு உடைந்திருக்கிறது, என்ற குறிப்பு இருந்தால், பொட்டாசியத்தையும், ஈரல் பரிசோதனையில் வரும் எஸ்.ஜி.ஓ.டி.யையும் நம்ப வேண்டாம். திரும்ப எடுக்கச் சொல்லலாம்.

சர்க்கரையின் பிழை எதிர்த்திசையில். டியூபுக்குள்ளும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன; சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. ஃபுளோரைடு இல்லாத டியூபில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். ஃபுளோரைடும் உடனே வேலைசெய்துவிடாது. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். ஊர்க்கோடியில் காலை 7 மணிக்குத் தவறான டியூபில் எடுத்த ரத்தம், 11 மணிக்கு நகரத்து லேபை அடைந்தால், 135 இருந்தவருக்கு 100 முதல் 110 வரைதான் வரலாம். அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை என்று ஆகிவிடும். சாப்பிட்ட பின் எடுக்கும் சர்க்கரையில் வேறொரு குழப்பம்: இரண்டு மணி நேரத்தை முதல் வாய் இட்லியிலிருந்து எண்ண வேண்டும். கை கழுவியதிலிருந்து எண்ணுவதுதான் நம் வழக்கமாக இருக்கிறது.

டெங்கு காலத்தில் பிளேட்லெட் எனும் தட்டணுக்களின் எண்ணிக்கை வீட்டுக்கு வீடு ஸ்கோர் போல ஓடும். சிலருடைய ரத்தத்தில், ஈ.டி.டி.ஏ. பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிக்கொள்ளும். மெஷின் அந்தக் கட்டியைத் தட்டணுவாக எண்ணாது. இரண்டு லட்சம் இருப்பவருக்கு 40,000 என்று வரும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இல்லையென்றால் சிட்ரேட் டியூபில் எடுத்து மறுபடி எண்ணலாம். இதற்கு நேர்மாறாக, இரும்புச்சத்துக் குறைவிலும் பரம்பரை ரத்தசோகையான தலசீமியாவிலும் சிவப்பணுக்கள் மிகச் சிறுத்துப்போய், மெஷின் அவற்றையும் தட்டணு என்று எண்ணிவிடும். உண்மையில் குறைவாக இருப்பவருக்கு அப்போது ரிப்போர்ட்டில் கூடுதலாக வரும். நிஜமாகவே குறைந்துவிட்ட நிலையில் மெஷினின் துல்லியமும் குறைகிறது. காலை 22,000, மாலை 18,000 என்றால் அது இறங்கியதாக அர்த்தமில்லை. டெங்குவில் டாக்டர் கூர்ந்து பார்ப்பது ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுகிறதா என்பதை. ரத்தத்தின் நீர் குழாயை விட்டுக் கசிகிறது என்பதை அதுதான் காட்டும். உறவினர்கள் அந்த வரியைப் பார்ப்பதே இல்லை.

99 சதவீதம் என்றால் என்ன?

பொதுமக்கள் மட்டுமல்ல, டாக்டர்களும் தடுமாறும் இடம் இது. 1978-இல் ஹார்வர்டைச் சேர்ந்த மருத்துவமனைகளில் டாக்டர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் ஒரு நோய்; நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்குத் தப்பாக பாசிட்டிவ் காட்டும் ஒரு பரிசோதனை; வேறு அறிகுறி எதுவும் தெரியாத ஒருவருக்கு பாசிட்டிவ் வந்தால், அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? கிட்டத்தட்டப் பாதிப் பேர் 95 சதவீதம் என்றார்கள். சரியான விடையைச் சொன்னவர்கள் 11 பேர். விடை 2 சதவீதம். ஆயிரம் பேரை நிறுத்தினால் நோயாளி ஒருவர். நோய் இல்லாத மற்றவர்களில் சுமார் 50 பேருக்குத் தப்பான பாசிட்டிவ். ஆக 51 பாசிட்டிவில் ஒன்றுதான் நிஜம்.

சதவீதத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தலைகளை எண்ணினால் குழப்பம் தெளிந்துவிடுகிறது. நம் ஊர்க் கணக்கு ஒன்று போடலாம். இந்தியாவில் வயதுவந்தோரில் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் ஏறத்தாழ 0.2 சதவீதம். நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் 99.5 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒரு நல்ல கிட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பேரைச் சோதித்தால் தொற்று உள்ளவர்கள் 200. அவர்களில் 199 பேருக்கு பாசிட்டிவ். தொற்று இல்லாதவர்கள் 99,800. அவர்களில் அரை சதவீதம், அதாவது 499 பேருக்கும் பாசிட்டிவ். மொத்தம் 698 பாசிட்டிவில் நிஜம் 199. நூற்றுக்கு 29 பேர்கூட இல்லை. பரிசோதனை மோசமில்லை, சோதிக்கப்பட்ட கூட்டத்தில் நோய் அரிது, அவ்வளவுதான்.

அதே கிட்டை, பத்தில் ஒருவருக்குத் தொற்று இருக்கும் கூட்டத்தில் பயன்படுத்தினால் என்ன ஆகும்? 10,000 பேரில் 9,950 பேரைப் பிடிக்கும். மற்ற 90,000 பேரில் 450 பேருக்குத் தப்பாகக் காட்டும். இப்போது பாசிட்டிவ் என்று வந்தால் 95 சதவீதத்துக்கு மேல் நம்பலாம். கிட் மாறவில்லை, லேப் மாறவில்லை, கம்பெனி மாறவில்லை. ஆகவே ‘இந்த டெஸ்ட் எத்தனை சதவீதம் நம்பகமானது?’ என்று தனியாகக் கேட்டால் பதிலே கிடையாது. யாருக்கு, எதற்காக எடுத்தது என்று சேர்த்துச் சொன்னால்தான் உண்டு.

இதனால்தான் அரசு ஆலோசனை மையங்களில் அறிகுறி இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று அறிவிக்க மூன்று வெவ்வேறு கிட்களில் பாசிட்டிவ் வர வேண்டும் என்று விதி. முதல் சல்லடையில் தங்கிய 698 பேரை வேறு கண் உள்ள இரண்டாம் சல்லடையில் போட்டால், தப்பான 499 பேரில் மிஞ்சுவது இரண்டு மூன்று பேர். ‘வெவ்வேறு’ என்பதில்தான் சூட்சுமம். ஒரே கிட்டில் மூன்று தடவை பார்த்தால், அந்த ஆளின் ரத்தத்தில் எது அதை ஏமாற்றியதோ அதுவே மூன்று தடவையும் ஏமாற்றும். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோதும் நடந்தது இதுவே. வேலூர் சி.எம்.சி.யில் எலைசா முறையில் பாசிட்டிவ் வந்தது. அதோடு நிறுத்தாமல் மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறொரு முறையில் உறுதிசெய்தார்கள். திருமணத்துக்கு முன்போ அறுவை சிகிச்சைக்கு முன்போ எடுத்த ஒற்றைப் பரிசோதனையின் பாசிட்டிவைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பம் உடைவது இன்றும் நடக்கிறது. அந்தத் தாளில் சொல்லியிருப்பது ‘மேலும் சோதிக்க வேண்டும்’ என்பதற்குமேல் ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கு புரிந்தால் ஊரறிந்த வேறு சில பரிசோதனைகளின் தகுதியும் தெரியவரும். டைபாய்டுக்கு விடால். பிரான்சின் ஃபெர்னாண்ட் விடால் 1896-இல் கொண்டுவந்த முறை. நம் ஊர்க் கிளினிக்குகளில் இன்றும் காய்ச்சல் என்றாலே எழுதப்படுகிறது. கிருமியைப் பார்ப்பதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு செய்த ஆன்டிபாடியைப் பார்க்கிறது. எப்போதோ வந்த டைபாய்டு, போட்ட தடுப்பூசி, சில சமயம் மலேரியாகூட அதை பாசிட்டிவ் ஆக்கிவிடும். 7 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால்தான் பொருள் உண்டு. இரண்டாவது தடவை யாரும் எடுப்பதில்லை. காய்ச்சல் அதற்குள் போயிருக்கும். சரியான வழி, ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன் 8–10 மில்லி ரத்தம் எடுத்து கல்ச்சர் செய்வது, அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பது. அதுவுமே பாதிக்குப் பாதி நோயாளிகளில்தான் கிருமியைப் பிடிக்கும் என்பதால், கல்ச்சர் நெகட்டிவ் என்றால் டைபாய்டு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் பிடித்துவிட்டால் சந்தேகமில்லை. எந்த மருந்து கேட்கும் என்பதையும் சொல்லிவிடும்.

காசநோய்க்கு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் வியாபாரம் இந்தியாவில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. இருப்பவரைத் தவறவிட்டும் இல்லாதவரைப் பிடித்தும் அது செய்த சேதத்தைப் பார்த்து, உலக சுகாதார நிறுவனம் 2011-இல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. 2012-இல் இந்திய அரசு தடைசெய்தது. இப்போது நடப்பில் உள்ள ‘டி.பி. கோல்டு’ வேறு வகை, நல்ல பரிசோதனைதான். ஆனால் காசநோய்க் கிருமி உடம்புக்குள் எப்போதாவது புகுந்திருக்கிறதா என்பதைத்தான் அது சொல்லும். நம் நாட்டில் வயதுவந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அப்படிப் புகுந்திருக்கிறது. பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. நோயா என்று அறியச் சளியைத்தான் சோதிக்க வேண்டும்.

பேக்கேஜ்களில் ‘கேன்சர் மார்க்கர்’ என்று சேர்த்து விற்பவை என் கணக்கில் இன்னும் கீழே. சி.ஏ.125 சினைப்பைப் புற்றுநோயில் ஏறும். மாதவிலக்கிலும், கர்ப்பப்பைக் கட்டியிலும், வயிற்றுக் காசநோயிலும் ஏறும். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, அவர்களில் பாதிப் பேரை மட்டும் இதையும் ஸ்கேனையும் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 2021-இல் வெளியான முடிவு: சோதிக்கப்பட்டவர்களிடையே அந்தப் புற்றுநோயால் சாவு குறையவில்லை. புற்றுநோய் உறுதியான ஒருவருக்குச் சிகிச்சை கேட்கிறதா என்று பார்க்க இதே பரிசோதனை மிகப் பயனுள்ளது. சும்மா இருப்பவருக்கு எடுத்தால் ஸ்கேன், மேலும் ஸ்கேன், சிலருக்குத் தேவையில்லாத அறுவை சிகிச்சை என்றுதான் போகும். நிஜமாகவே இருப்பதைக் கண்டுபிடிப்பதிலும் சிக்கல் உண்டு. தென்கொரியாவில் தைராய்டை ஸ்கேன் செய்வது பரவலான பிறகு, 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் 15 மடங்கு ‘கூடியது’. அதனால் இறந்தவர்களின் எண்ணிக்கை அசையவே இல்லை. கண்டுபிடிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை, ஆயுள் முழுக்கத் தொந்தரவு தராமல் கிடந்திருக்கும்.

நெகட்டிவ் என்பது எப்போதைக்கு?

தப்பான பாசிட்டிவ் தூக்கத்தைக் கெடுக்கும். தப்பான நெகட்டிவ் சில சமயம் உயிரை எடுக்கும். டெங்குவில், வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாட்களுக்கானது. அதன்பின் அது மறைய, ஐ.ஜி.எம். என்ற ஆன்டிபாடி தலைகாட்டும். ஏழாம் நாள் என்.எஸ்.1 நெகட்டிவ் என்பதோ, இரண்டாம் நாள் ஐ.ஜி.எம். நெகட்டிவ் என்பதோ எதையும் நிரூபிப்பதில்லை. முன்பே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு, அதாவது அபாயம் அதிகமுள்ளவருக்கு, என்.எஸ்.1 முதல் நாட்களிலேயே தப்பிவிடலாம். நெஞ்சுவலிக்கும் இதே கதை. இதயத் தசை செத்தால் ரத்தத்தில் கசியும் டிரோபோனின், வலி தொடங்கிச் சில மணி நேரம் ஆன பிறகே பழைய வகைப் பரிசோதனையில் தெரியும். புதிய வகையில்கூட ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரண்டாவது தடவை பார்க்க வேண்டும். வலி வந்த அரை மணிக்குள் எடுத்த ஈ.சி.ஜி.யும் டிரோபோனினும் நார்மல் என்று ‘கேஸ் டிரபிள்’ மாத்திரையோடு வீட்டுக்குப் போவது எவ்வளவு ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று மாதச் சர்க்கரையான எச்.பி.ஏ.1.சி. இன்று எல்லோருக்கும் தெரிந்த எண். வெறும் வயிறாக இருக்க வேண்டாம், ஒரே ஊசி, ஒரே அளவு. ஆனால் அது அளப்பது ரத்தச் சர்க்கரையை அல்ல. சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கே நிற்கிறது. இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் அளவு உள்ளதைவிடச் சற்றுக் கூடிக் காட்டும். சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய்களிலும், ரத்தப்போக்குக்குப் பின்னும், ரத்தம் ஏற்றிய பிறகும், கர்ப்பத்தின் பிற்பாதியிலும் குறைத்துக் காட்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படியிருக்க, ஹீமோகுளோபினைப் பார்க்காமல் எச்.பி.ஏ.1.சி. 6.6 என்ற ஒன்றை மட்டும் வைத்துப் பெண்களுக்குச் சர்க்கரை நோய்ப் பட்டம் கட்டுவது சரியல்ல. விதியும் அப்படிச் சொல்லவில்லை: அறிகுறி இல்லாதவருக்கு இரண்டு முடிவுகள் கோட்டைத் தாண்ட வேண்டும். எச்.பி.ஏ.1.சி. 6.5, வெறும் வயிற்றில் 126, இந்த இரண்டும் சேர்ந்து வந்தாலோ, ஒன்றே மறுபடியும் வந்தாலோதான் உறுதி.

முடி உதிர்வுக்குத் தின்னும் பயோட்டின் மாத்திரையைப் பற்றி ரத்தம் எடுப்பவர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான். மாத்திரையில் பெரும்பாலும் 10 மில்லிகிராம், அதாவது 300 மடங்குக்கு மேல். ஹார்மோன் பரிசோதனைகள் பலவற்றில் பயோட்டினைத்தான் பசையாகப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்திலும் அது மிதந்தால் பசை குழம்பி, டி.எஸ்.எச். பொய்யாக இறங்கும், தைராய்டு ஹார்மோன் பொய்யாக ஏறும். தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோய் அச்சு அசலாக ரிப்போர்ட்டில் தெரியும். டிரோபோனினும் பொய்யாகக் குறையலாம். அதனால் ஒருவர் இறந்ததாகத் தனக்குத் தகவல் வந்ததை 2017-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கையாகவே வெளியிட்டது. எல்லா மெஷினிலும் இது நடக்காது, ஆனால் நம் ரத்தம் எந்த மெஷினில் ஓடுகிறது என்று நமக்குத் தெரியாது. இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுவது எளிது.

லேபின் தரத்துக்கு வருவோம். லேப்களுக்கான தேசிய அங்கீகார வாரியமான என்.ஏ.பி.எல். தரும் முத்திரை என்பது ஐ.எஸ்.ஓ. 15189 தரத்தின்படி கொடுக்கப்படும் அங்கீகாரம். பலர் கவனிக்காத ஒன்று: அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியே. சர்க்கரைக்கு இருக்கும், டி.எஸ்.எச்.சுக்கு இல்லாமல் இருக்கலாம். என்.ஏ.பி.எல். இணையதளத்தில் லேபின் பெயரைப் போட்டால் பட்டியல் கிடைக்கும். முத்திரை இல்லாத சின்ன லேபைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ‘வெளித் தரச் சோதனையில் சேர்ந்திருக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். அளவு சொல்லாத மாதிரியை வெளியிலிருந்து அனுப்பி, நாடெங்கும் உள்ள லேப்களின் விடையை ஒப்பிட்டுப் பார்க்கும் திட்டம் அது. உயிர்வேதியியலுக்கு வேலூர் சி.எம்.சி. நெடுங்காலமாக இதை நடத்திவருகிறது. சேர்ந்திருக்கும் லேப்காரர் உடனே பதில் சொல்வார். கேள்வியே புரியாதவரிடம் சற்று யோசிக்கலாம்.

வீட்டுக் குளூக்கோமீட்டரையும் லேபையும் ஒப்பிட்டுச் சண்டை போட வேண்டாம். மீட்டருக்கான உலகத் தரம், 100 மில்லிகிராமுக்கு மேல் உள்ள அளவுகளில் 15 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று அனுமதிக்கிறது. லேபில் 160 என்றால், மீட்டரில் 136-உம் சரி, 184-உம் சரி. சாப்பிட்ட பின் விரல் நுனி ரத்தத்தில் இயல்பாகவே நரம்பு ரத்தத்தைவிடக் கூடுதல். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் 300-கூட வரும். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பிறகு குத்த வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டனில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் ரிப்போர்ட்டில் சர்க்கரை 7 என்று இருந்தால் தாழ்சர்க்கரை என்று பதற வேண்டாம். அங்கே அலகு மில்லிமோல். 18-ஆல் பெருக்கினால் 126. கிரியாட்டினின் 106 என்றால் 88.4-ஆல் வகுக்க வேண்டும், 1.2 வரும்.

ரத்தம் கொடுக்கும் அன்றே ரிப்போர்ட் உறையின் பின்பக்கம் நான்கு விஷயங்களை எழுதிவைத்துவிடுங்கள்: கடைசியாகச் சாப்பிட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம், காய்ச்சலானால் அது எத்தனையாவது நாள், அந்த வாரம் விழுங்கிய எல்லா மாத்திரையும் பவுடரும் நாட்டு மருந்து உட்பட. டாக்டரிடம் கேட்க வேண்டியது, ‘இது என்ன நோய்?’ என்பதற்கு முன்னால், ‘இதை எதைக் கண்டுபிடிக்க எழுதினீர்கள், எப்போது மறுபடி பார்க்கலாம்?’ என்பது. டி.எஸ்.எச். லேசாக ஏறியிருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே லேபில், அதே நேரத்தில். எச்.பி.ஏ.1.சி. மூன்று மாதத்துக்கு முன்னால் எடுப்பது பெரும்பாலும் வீண் செலவு. எதிர்பாராமல் எகிறிய பொட்டாசியத்துக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே, கையை மூடித் திறக்காமல், ரப்பர் பட்டையைச் சீக்கிரம் அவிழ்த்து, புதிதாக எடுக்க வேண்டும். அதுவரை ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.